பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

என் மச்சினன் எனக்குத் தரவேண்டியது அறுபத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது. ஆறு வருடமாக அந்தத் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனைவியின் தம்பி என்பதால் வட்டி கிடையாது. மனைவியின் தம்பி என்பதாலேயே வசூலும் கிடையாது. நாற்பத்து மூன்று வயதில், வேலை முடிந்து மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். யார் உதவியும் இல்லாமல் நானே நோட்டில் எழுதிய முதல் வரி இந்தக் கடன்தான். என் எழுத்து திருந்திவிட்டது. அவன் திருந்தவில்லை.

அவன் பார்க்காத தொழில் இல்லை. கடைசியில் வீட்டு புரோக்கர் ஆனான். அதில் நிலைத்தும் விட்டான், ஏனென்றால் அந்தத் தொழிலுக்கு முதல் போட வாய் போதும். ஒரு திங்கட்கிழமை அவனாகவே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு வீடு வந்திருக்கு. ரெண்டு ரூம், சமையல்கட்டு, பாத்ரூம், பின்னால துணி காயப்போட எடம். முப்பத்திரெண்டரை லட்சம். உங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி."

"எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் எதுவும் செஞ்சு வைக்கல."

"முழுசா கேளுங்க. வாங்குறவங்ககிட்ட என் கமிஷன் நூத்துக்கு ரெண்டு. அறுபத்தஞ்சாயிரம். அதை நீங்க தர வேணாம். என் கடன் அதுல கழிஞ்சுடும். மிச்சம் எரநூத்தம்பது. அதை மட்டும் டீ செலவுக்குக் கொடுத்துடுங்க."

அவன் இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

மனைவி சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பதினோரு வருடமாக நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வாடகை வாங்க வரும்போது நாலு சுவரையும் கண்ணால் எண்ணிவிட்டுப் போவார். நான் பூச்சு வேலைக்காரன். முப்பது வருடமாக அடுத்தவர்களின் சுவர்களைப் பூசுகிறவன், என் சட்டையை நாற்காலி மேல் தொங்கவிடுகிறேன்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். சொந்தச் சுவத்துல ஒரு ஆணி. யாரையும் கேக்காம," என்றாள்.

சும்மா சொல்லவில்லை. மறுநாள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடி அவள் பர்ஸைத் திறந்தபோது, காகிதத்தில் மடித்த மூன்று அங்குல ஆணி ஒன்று இருந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருவரும் இருபத்திரண்டு வருடம் சேர்த்ததும், வங்கி தருவதாகச் சொன்ன கடனும் சேர்ந்தால் அந்த விலைக்கும் பத்திரச் செலவுக்கும் சரியாக வரும். முன்பணம் மூன்று லட்சம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள். கொடுத்தால் திரும்பாது. இன்னொரு தடவை முதலிலிருந்து சேர்க்க எங்கள் இருவருக்கும் வயசு இல்லை.

"நான் பாத்துட்டுத்தான் சொல்வேன்," என்றேன்.

"நான் பாத்துட்டேன் மாமா."

"நீ பாத்தது வேற."

வீடு வாங்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வருவார்கள், சுவரைத் தடவுவார்கள், ஜன்னலை ஒருமுறை திறந்து மூடுவார்கள், "வெளிச்சமா இருக்கு" என்பார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேஸ்திரிக்குப் பின்னால் நின்று நாங்கள் சிரிப்போம். என்னைப் பார்த்து இன்னொருவன் அப்படிச் சிரிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். ஒரே மாதிரி எட்டு வீடுகள் வரிசையாக இருந்தன, அதில் ஆறாவது. முன்னறை நன்றாகவே இருந்தது. குழாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

"மோட்டார் ரிப்பேர் மாமா. டேங்க்ல தண்ணி இல்ல."

சுவிட்சைப் போட்டேன்.

"ஆள் இல்லாத வீடு, கரண்ட் துண்டிச்சிருக்காங்க. ரெண்டு நாள்ல வந்துடும்."

பின்னறைக்குப் போனேன். அந்த அறைக்கு மட்டும் புதுப் பச்சைச் சாயம். மணமே இன்னும் போகவில்லை. பாத்ரூம் பக்கத்துச் சுவரை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு ஒரு மரப் பீரோ நின்றது.

"இது?"

"வீட்டுக்காரரோடது. அப்புறமா எடுத்துக்குவாரு."

"நகத்து. சுவத்தைப் பாக்கணும்."

"சாவி இல்லையே மாமா."

"பீரோவை நகத்த எதுக்குடா சாவி?"

"உள்ள சாமான் இருக்கும். கனம். என் முதுகு வேற சரியில்ல."

இப்படி எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். அவனிடம் கேட்பது, மண்ணில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. எல்லாம் உள்ளே போகிறது, உண்மை மட்டும் வெளியே வரவில்லை. இதற்கிடையில் மனைவி முன்னறையில் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். கட்டில் இங்கே, தையல் மிஷின் ஜன்னலோரம்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம், தண்ணீர் இல்லாமல் வீட்டைப் பார்ப்பது வாயைத் திறக்காத ஆளுக்குப் பல் பார்க்கிற மாதிரி என்றேன்.

"எல்லாத்துலயும் குத்தம் பாத்துட்டே இருந்தா, கடைசியில நாம மரத்தடியிலதான் படுக்கணும்," என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். 

வெள்ளிக்கிழமை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ரெண்டு வாளி, டார்ச் லைட், ரசமட்டம் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே அங்கே போய் நின்றேன். மச்சினன் பத்தரைக்கு வந்து கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். "எடுத்துக்கோங்க, குழாயை மட்டும் சரியா மூடிடுங்க" என்று தோட்டத்தைக் காட்டினார். வாளி வாளியாகப் பிடித்து, இரும்பு ஏணியில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன்.

மச்சினன் நிழலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க வீடு வாங்க வந்தீங்களா, கூலிக்கு வந்தீங்களா?"

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். நீயும் ஒரு வாளி தூக்கு."

"முதுகு மாமா."

"உனக்கு முதுகு இருக்கறது தெரியும். ஆறு வருஷமா அதைத்தான காட்டிட்டிருக்க."

அவன் சிரித்தான். அவனுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவு திட்டினாலும் அடுத்தவனைத் திட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டு சிரிப்பான். அதனாலேயே அவன் மேல் வருகிற கோபம் எல்லாம் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

இருபத்திரண்டு வாளி. முழங்கால் ரெண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. வால்வைத் திறந்துவிட்டுக் கீழே வந்தேன். பாத்ரூம் குழாய் இருமி, துருத் தண்ணீரைக் கக்கி, பிறகு தெளிந்தது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, நாணயத்தால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு வந்தேன். முன்னறை கெட்டியாகப் பேசியது. சமையல்கட்டு மேடை கொஞ்சம் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. அது ஒரு நாள் வேலை. தரையில் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. மனசு லேசாக ஆரம்பித்தது. இவனைச் சந்தேகப்பட்டுத் தப்புப் பண்ணிவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பின்னறையில் பீரோவைத் தோளால் தள்ளினேன். சறுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே ஒன்றுமில்லை, காலி.

"கனம்னு சொன்ன?"

"பாத்தா கனமாத்தான இருந்துச்சு." பிறகு சுவரைக் காட்டினான். "பாருங்க, என்ன இருக்கு? சுவரு. சுவரு மாதிரியே இருக்கு."

பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. நாணயத்தால் தட்டினேன். பொத் பொத்தென்று, உள்ளே யாருமில்லாத சத்தம். பூச்சு செங்கல்லை விட்டுத் தனியாக நிற்கிறது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. மச்சினன் ரெண்டு தடவை கொட்டாவி விட்டான். அப்புறம், இடுப்பு உயரத்தில், ஒரு கையளவுக்குப் பச்சை கறுத்தது. தட்டு அளவானது. தரையை நோக்கி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. சுவருக்குள் போகிற குழாயில் ஒழுக்கு. தண்ணீர் இல்லாதவரை சுவர் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். அதற்காகத்தான் காலித் தொட்டி, அதற்காகத்தான் பீரோ.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றேன்.

"டேங்க்ல தண்ணி ஏத்தாதன்னு மட்டும் வீட்டுக்காரர் சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா தெரிஞ்சுடும் மாமா."

அவனை என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஆனால் அவனை அல்ல, இந்தச் சுவரைப் பூசியவனை. ஓதம் ஏறிய ஈரச் சுவர் மேல் கலவையை அப்பியிருக்கிறான், கை இருக்கிறதா அவனுக்கு, இவனெல்லாம் கரண்டி பிடிக்காமல் மூட்டை தூக்கப் போயிருக்கலாம், இவன் வீட்டுச் சுவராக இருந்தால் இப்படிச் செய்திருப்பானா என்று. மச்சினன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஈரம் எதுவரை இறங்குகிறது என்று பார்க்கத் தரையில் படுத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் பகலில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் போட்டுக்கொண்டு வெளியே வரும். வலது பக்க மூலையில், தரைக்கு நாலு விரல் மேலே, சாயத்துக்கு அடியில் ஒரு குழி. கட்டைவிரல் அழுத்திய குழி.

எனக்கு ஒரு பழக்கம். பூசி முடித்ததும் கீழ் மூலையில் கட்டைவிரலால் அழுத்திக் கலவை இறுகிவிட்டதா என்று பார்ப்பேன். பிறகு தேய்த்துச் சமமாக்கிவிடுவேன். அவசரமென்றால் விட்டுவிடுவேன். சின்ன வயதில் செங்கல் விழுந்து என் இடது கட்டைவிரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. அந்த விரலைக் குழியில் வைத்தேன். வளைவு உட்பட, அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போது இங்கே தெருவே இல்லை. வெட்டவெளியில் கூரை போட்ட எட்டுக் கூடுகள். லாரி எங்களைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து இறக்கிவிடும். இந்தச் சுவர் ஈரமாக இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன், அது ஞாபகம் இருக்கிறது. "நாளன்னைக்கு சாவி கொடுக்கணும். பேசாம பூசு. ஓதம் உன் வீட்டுக்கா வரப்போகுது?" என்றார். ரெண்டு விரல் கனத்துக்குப் பூசினேன். கூலி அன்றைக்கே கைக்கு வந்தது. நன்றாகத்தான் தூங்கியிருப்பேன்.

ரெண்டு மணிக்கு மனைவி வேலை முடிந்து நேராக வந்தாள். கையில் இன்னும் சலவைத் தூள் வாசம். ஈரத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

"மேல இன்னொரு தடவை பூசிட்டா சரியாகாதா? நீங்கதான் பூசுவீங்களே."

"பூசினா சரியாகாது. பூசினதாலதான் இப்படி இருக்கு."

"எந்தப் பாவி பூசினான்?"

கட்டைவிரலை எடுத்துக் குழியில் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். 

"உலகத்துல வேற சுவரே கிடைக்கலையா உங்களுக்கு," என்றாள். அப்புறம் கவிழ்த்த வாளியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுவரை இடித்து, குழாயை மாற்றி, பன்னிரண்டு வருடம் தண்ணீர் குடித்த அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துச் சரிசெய்ய மூன்று நாலு லட்சமாவது ஆகும். பத்திரச் செலவு போக எங்கள் கையில் மூவாயிரம்கூட மிஞ்சாது. மச்சினன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தான். ஒரு பைசா குறைக்க மாட்டாராம். வேறு ஆள் வருகிறார்கள், இஷ்டமிருந்தால் அவர்களுக்கு முன்னால் முடியுங்கள் என்றாராம்.

"யாரு வர்றாங்க?" என்றேன்.

"ஒரு நர்ஸம்மா. மூணு மணிக்கு." சொல்லிக்கொண்டே பீரோவை இருந்த இடத்துக்குத் தள்ளினான். முதுகு எப்போது சரியானதோ தெரியவில்லை. "மாமா, உங்களுக்கு வேணாம், சரி. வாசல்ல போய் உக்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. அவங்க இன்னைக்கே முன்பணம் கொடுக்கறாங்க, என் கமிஷன் ரொக்கம். சாயங்காலம் அறுபத்து நாலாயிரத்து எழுநூத்தம்பதும் உங்க கையில. ஒரு பைசா குறையாது. இது சத்தியம்."

இந்த ஒரு தடவை அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. ஆறு வருடம் கேட்ட பணம். யாரோ வாங்குகிறார்கள், யாரோ விற்கிறார்கள். அவர்களும் என்னைப்போல் வாளி தூக்கிப் பார்க்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

நர்ஸம்மா வேலை உடுப்போடு, கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவருடைய மாமனார். பெரியவர் முன்னறைச் சுவரைத் தடவினார். ஜன்னலை ஒருமுறை திறந்து மூடினார்.

"வெளிச்சமா இருக்கு," என்றார்.

மச்சினன் என்னைப் பார்க்காமல் சிரித்தான்.

"மாமாவுக்குப் பின்ரூம் கொடுத்துடலாம். தெருச்சத்தம் இருக்காது. பாத்ரூமும் பக்கத்துல," என்றார் நர்ஸம்மா. பிறகு வாசலில் கிடந்த வாளிகளையும் ரசமட்டத்தையும் பார்த்தார். "நீங்க யாரு?"

"நம்ம ஆளுதாம்மா, சும்மா வந்தாரு," என்றான் மச்சினன்.

"கட்டட வேலையா? அப்ப நீங்களே சொல்லுங்க. பின்ரூம் சுவர் எப்படி?"

எழுந்து நின்றேன். "அந்தச் சுவத்தைப் பூசினது நான்தாம்மா."

"கேட்டீங்களா? பூசினவரே சொல்றாரு," என்றான் மச்சினன் சட்டென்று.

"அப்ப நல்லாத்தான் இருக்கும்," என்றார் நர்ஸம்மா. பெரியவரும் தலையசைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னது உண்மை. அறுபத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு அந்த அளவு உண்மை போதும். மேலே சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மனைவி பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். பர்ஸைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, ஆணியை என் கையில் வைத்தாள்.

"அடிச்சுக் காட்டுங்க," என்றாள்.

"அக்கா," என்றான் மச்சினன்.

"நீ சும்மா இரு."

பீரோவைத் தள்ளினேன். ஈரம் இப்போது தரையைத் தொட்டிருந்தது. பின்பக்கம் கிடந்த அரைச் செங்கல்லால் ஆணியை அடித்தேன். மூன்றாவது அடிக்குப் பூச்சு தோசைக்கல் அளவுக்குப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்து, உப்புப் பூத்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரியவர் தடியை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார்.

"இதை ஏன் நாங்க வந்ததுமே சொல்லல?" என்று நர்ஸம்மா என்னைக் கேட்டார். புரோக்கரைக் கேட்கவில்லை.

நர்ஸம்மா "மாமா, படி இருக்கு, பாத்து" என்று பெரியவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டது சரிதான் என்று தோன்றியதால் அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மச்சினன் சுவரைப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக் கணக்குப் போட்டான். தேவையே இல்லை, ஆனாலும் போட்டான்.

"மாமா, உங்களால எனக்கு அறுபத்தஞ்சாயிரம் போச்சு. நான் உங்களுக்குத் தர வேண்டியது அறுபத்து நாலாயிரத்து எழுநூத்தம்பது. கழிச்சுக்கலாம். எரநூத்தம்பது நீங்கதான் தரணும்."

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்றாள் மனைவி.

"இருக்கு அக்கா. ஆனா கணக்கு சரியாத்தான இருக்கு."

அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். கை அதற்காகத்தான் எழுந்தது. அப்போது காலடியில் கிடந்த பூச்சுக் கட்டி கண்ணில் பட்டது. ரெண்டு விரல் கனம். நன்றாகத்தான் குழைத்திருக்கிறேன். இந்தச் சுவருக்கு ஒரு தடவை எனக்குக் கூலி வந்துவிட்டது. இதன் பேரில் இன்னொரு தடவை நான் எதையும் வாங்கக்கூடாது. சட்டைப் பையிலிருந்து ரெண்டு நூறும் ஒரு ஐம்பதும் எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்குப் போன கூலியோடு இதுவும் போகட்டும். அவன் மூன்று தாளையும் ரெண்டு தடவை எண்ணினான்.

மனைவி குனிந்து ஆணியை எடுத்தாள். வளைந்திருந்தது. முந்தானையில் துடைத்து, அதே காகிதத்தில் மடித்தாள்.

பஸ் ஸ்டாப்பில் வாளிகளை இறக்கி வைத்தோம். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "அதையும் கொடுத்துட்டீங்க," என்றாள்.

"கொடுத்துட்டேன்."

"அடுத்த மாசமே திரும்பக் கடன் கேட்டு வந்து நிப்பான், பாருங்க."

"நிப்பான்."

"கொடுப்பீங்களா?"

"உன் தம்பி."

"என் தம்பிதான். அதுக்காகக் கொடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கனமான வாளியை அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி மேலிருந்த சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து, என் முதல் வரியைத் தேடிப் பிடித்து, அதன் மேல் கோடு போட்டு அடித்தேன்.